அலுமினிய எலக்ட்ரானிக்ஸ் பெட்டிக்கு எந்தக் கட்டர்: டிராயிங்கிலிருந்து டூல் லிஸ்ட் வரை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் 8000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) பிடி40 விஎம்சி, அதாவது கணினி ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. 6082-டி6 அலுமினியக் கட்டியிலிருந்து 120 × 80 × 30 மி.மீ. அளவில் 200 பெட்டிகள் எடுக்க வேண்டும். சுவர் 2 மி.மீ., உள் ஆழம் 28, உள் மூலைகள் ஆர்3 (3 மி.மீ. ஆரம்). அடியில் பிசிபி (சர்க்யூட் போர்டு) உட்கார 6 மி.மீ. உயரத் தூண்கள், அவற்றில் எம்3 மரை. பக்கச் சுவரில் ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள்), யுஎஸ்பி-சி திறப்புகள். கடைசியில் கறுப்பு அனோடைசிங் (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்ப்பது). ஸ்டீலுக்கு வாங்கி வைத்த 4 ஃப்ளூட் (பல்) எண்ட்மில்லில் ஓட்டியபோது மூலைகளில் கீச்சொலி, சுவரில் அலை அலையாகக் கோடு, இரண்டு கட்டர் முறிவு. "எந்தக் கம்பெனிக் கட்டர் வாங்கலாம்?" என்பது கேள்வி. அடுத்து வரும் வெளிப்புறப் பெட்டிக்கு, 6 மி.மீ. சுவர், மூடியில் ஓ-ரிங் (ரப்பர் சீல்) காடி என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனிப் பெயர் இங்கே நான்காவது, ஐந்தாவது விஷயம். இந்தப் பெட்டியில் கட்டரை முடிவு செய்வது மூன்று எண்கள்: மிகச் சிறிய உள் மூலை எவ்வளவு, அங்கே ஆழம் எவ்வளவு, உங்கள் ஸ்பிண்டில் எவ்வளவு சுற்றும். இவற்றை எழுதிவிட்டால் டூல் லிஸ்டில் பாதி தானே எழுதப்பட்டுவிடும்.

முதலில் மெட்டீரியல். நம் ஊர்க் கடைகளில் 6082-ஐ ஹெச்ஈ30 என்றும், 6061-ஐ ஹெச்ஈ20 என்றும், 6063-ஐ ஹெச்ஈ9 என்றும் கேட்டால்தான் உடனே எடுத்துத் தருவார்கள். முதல் இரண்டும் டி6 (சூடேற்றிக் கடினமாக்கிய) நிலையில் நன்றாக வெட்டுப்படும், சுருள் (வெட்டி வரும் துருவல்) முறிந்து வரும். 6063 கொஞ்சம் மென்மை, பிசிறு அதிகம். ஷீட்டில் வரும் 5052 இன்னும் ஒட்டும் ரகம். கட்டியில் இருந்து இவ்வளவு மெட்டீரியல் எடுத்த பிறகு பெட்டி வளைந்தால், குற்றம் பெரும்பாலும் கட்டியின் உள் அழுத்தத்தில் இருக்கும், கட்டரில் அல்ல. இழுத்து அழுத்தம் நீக்கிய டி651 பிளேட் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எல்லாப் பக்கமும் 0.5 மி.மீ. விட்டு ரஃப் (முதல் பெருவெட்டு) செய்து, வைஸைத் தளர்த்தி, மறுபடி மென்மையாகப் பிடித்து ஃபினிஷ் எடுக்க வேண்டும்.

இனி 4 ஃப்ளூட் ஏன் தோற்றது என்பது. அலுமினியம் மென்மையானது, ஆனால் சுருளின் கன அளவு பெரிது. 4 ஃப்ளூட் ஸ்டீல் கட்டரில் பற்களுக்கு இடையே உள்ள பள்ளம் சிறியது. சுருள் வெளியேற இடமில்லாமல் திரும்பத் திரும்ப வெட்டப்படும், சூடேறும், பல்லின் நுனியில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அலுமினியம் தானே ஒரு மொட்டைப் பல் ஆகிவிடும். அதன் பிறகு கட்டர் வெட்டாது, தேய்க்கும். ஒரு பள்ளம் முழுதாக அடைபட்ட அடுத்த நொடியில் முறியும். உங்கள் இரண்டு கட்டர்களும் முறிந்த துண்டை லென்ஸில் பாருங்கள். பள்ளத்தில் வெள்ளிப் பூச்சு போல அலுமினியம் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று, அந்தக் கட்டரின் கோட்டிங். ஸ்டீலுக்கு வரும் டைட்டானியம்-அலுமினியம்-நைட்ரைடு வகைக் கோட்டிங்கில் அலுமினியமே ஒரு பாகம். வெட்டப்படும் அலுமினியம் அதில் எளிதாக ஒட்டும். மேலும் ஸ்டீல் கட்டரின் நுனியை வேண்டுமென்றே சற்று மழுக்கி வைத்திருப்பார்கள், சிதறாமல் இருக்க. அலுமினியத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: கத்தி போன்ற நுனி, கண்ணாடிபோல் பாலிஷ் செய்த பள்ளம், கூடுதல் ரேக் கோணம் (பல்லின் முன்முகச் சாய்வு), 35 முதல் 45 டிகிரி ஹெலிக்ஸ் (பள்ளம் சுற்றி ஏறும் கோணம்), 2 அல்லது 3 ஃப்ளூட். கோட்டிங் இல்லாத, பாலிஷ் செய்த மைக்ரோகிரெய்ன் கார்பைடே 6082-க்குப் போதும். 200 பெட்டிகளுக்கு மேல் தொடர் ஆர்டர் என்றால் டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்), சிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு ஆகியவற்றில் ஒன்று நல்லது.

கடையில் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஎல்சி கறுப்பாக, சில சமயம் வானவில் சாயலோடு இருக்கும். ஸ்டீலுக்கான அலுமினியம்-டைட்டானியம் கோட்டிங்கும் கறுப்பு கலந்த ஊதாதான். சிர்கோனியம் நைட்ரைடு வெளிர் தங்கம், சாதாரண டைட்டானியம் நைட்ரைடு அடர் தங்கம். வெளிச்சம் குறைந்த கடையில் இவற்றைப் பிரித்தறிய முடியாது. பெட்டியின் லேபிளைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 513 முறைப்படி இரும்பு கலக்காத உலோகங்களுக்கான குழு பச்சை நிறம், ஸ்டீல் நீலம், ஸ்டெயின்லெஸ் மஞ்சள், வார்ப்பிரும்பு சிவப்பு. பச்சைக் கட்டம் இல்லாத பெட்டியை வைத்துவிடுங்கள். அதேபோல் ஒரு முறை ஸ்டீல் வெட்டிய கட்டரை அலுமினியத்துக்குத் திருப்பாதீர்கள். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் நுனி போயிருக்கும். அலுமினியக் கட்டர்களுக்குத் தனி டிரே, தனிப் பூட்டு.

இப்போது உங்கள் மூலை. ஆர்3 மூலைக்கு 6 மி.மீ. கட்டர் என்பது கணக்கில் சரி, வெட்டில் தவறு. சுவரில் 0.2 மி.மீ. ஃபினிஷ் எடுக்கும்போது 6 மி.மீ. கட்டரின் சுற்றளவில் ஏறத்தாழ 21 டிகிரிதான் மெட்டீரியலைத் தொடும். அதே கட்டர் அதே அளவு ஆரமுள்ள மூலைக்குள் போய் நின்றதும் தொடும் கோணம் 111 டிகிரி ஆகிவிடும். கணநேரத்தில் ஐந்து மடங்கு சுமை. கீச்சொலி அங்கே பிறக்கிறது. மூலையில் கட்டர் சற்று வெளியே தள்ளப்பட்டு, பிறகு சுவருக்குத் திரும்பும்போது ஒரு மெல்லிய பள்ளக் கோடும் விழும். கோடு எல்லா மூலையிலும் ஒரே உயரத்தில் இருந்தால் காரணம் இதுதான்.

வழி இரண்டு. டிசைன் செய்தவரிடம் கேட்டு ஆர்3-ஐ ஆர்4 ஆக்குங்கள். அல்லது 5 மி.மீ. கட்டருக்குப் போங்கள். முதல் வழியையே நான் பிடிவாதமாகக் கேட்பேன். காரணம் எளிய கணக்கு: கட்டர் வளைவது நீட்டத்தின் மூன்றாம் அடுக்கிலும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் போகிறது. 6-லிருந்து 5-க்கு இறங்கினால் அதே நீட்டத்தில் வளைவு இரு மடங்குக்கும் சற்று மேல். உங்கள் 28 மி.மீ. ஆழத்துக்கு 30 மி.மீ. வெளியே நீட்ட வேண்டும். அதாவது 6 மி.மீ. கட்டருக்கு 5 மடங்கு, 5 மி.மீ. கட்டருக்கு 6 மடங்கு. 3 மடங்கு வரை சுகம், 5 வரை கவனமாகச் சமாளிக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஃபினிஷைத் தின்னும். பிசிபியின் மூலையை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உருட்டிவிட்டால் போதும், பெரும்பாலான டிசைனர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆர்டரை ஏற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. புரோகிராம் போட்ட பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஆர்4 கிடைத்துவிட்டால் 6 மி.மீ. கட்டர் மூலையில் உருண்டு திரும்பும், தொடும் கோணம் 42 டிகிரி அளவில் நிற்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மூலையில் கட்டரின் மையம் 1 மி.மீ. ஆரத்தில் சுற்றும்போது அதன் வெட்டும் விளிம்பு 4 மி.மீ. ஆரத்தில் ஓடுகிறது. மையத்துக்கு 1000 ஃபீடு (நிமிடத்துக்கு 1000 மி.மீ. நகர்வு) கொடுத்தால் விளிம்பில் 4000 ஓடும். கேமில் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) உள் வளைவுகளுக்கு ஃபீடு குறைக்கும் வசதி இருக்கும், அதை இயக்குங்கள். இல்லையென்றால் கையால் போடுங்கள்: மூலை ஆரத்திலிருந்து கட்டர் ஆரத்தைக் கழித்து, மூலை ஆரத்தால் வகுத்து, ஃபீடால் பெருக்க வேண்டும். இங்கே அது நான்கில் ஒன்று.

நீளமான கட்டர் வாங்கும்போது "லாங் சீரிஸ்" என்று கேட்காதீர்கள். அதில் பல் 28 மி.மீ.க்கும் இருக்கும். பல் இருக்கும் நீளமெல்லாம் பலவீனம், பள்ளம் வெட்டிய இடத்தில் குறுக்குவெட்டு குறைந்துவிடுகிறது. கேட்க வேண்டியது கழுத்துக் குறைத்த கட்டர்: பல் 8 முதல் 10 மி.மீ., அதற்கு மேல் 5.7 அல்லது 5.8 விட்டத்துக்குக் கழுத்து, பிறகு 6 மி.மீ. ஷாங்க் (பிடிக்கும் தண்டு). சுவரை 7 அல்லது 8 மி.மீ. படிகளாக மேலிருந்து கீழே இறக்க வேண்டும். கழுத்து சுவரில் உரசாது.

சுவர் 2 மி.மீ. தடிமன், 28 உயரம், 14-க்கு 1. இது ஒரு தகடு, அடித்தால் அதிரும். முழு உயரத்தையும் ஒரே வெட்டில் ஃபினிஷ் செய்தால் மேல் விளிம்பில் அலைக்கோடு நிச்சயம். உள்ளே ஒரு படி, வெளியே ஒரு படி என்று மாற்றி மாற்றி இறங்குங்கள். அப்போது வெட்டும் இடத்துக்குக் கீழே எப்போதும் தடித்த மெட்டீரியல் தாங்கி நிற்கும். ஃபினிஷுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. விடுங்கள். 0.05 விட்டால் இன்னும் நன்றாக வரும் என்று நினைப்பது வழக்கம். வராது, கட்டர் வெட்டாமல் வழுக்கித் தேய்க்கும். கிளைம்ப் மில்லிங் (பல் தடித்த சுருளில் தொடங்கி மெல்லியதில் முடிக்கும் திசை) மட்டும். பற்களின் இடைவெளி சமமில்லாத 3 ஃப்ளூட் கட்டர் கிடைத்தால் இந்த ஒரு இடத்துக்கு அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். அதிர்வு ஒரே தாளத்தில் ஏறுவதை அது உடைத்துவிடும்.

ரஃபிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 மி.மீ., 3 ஃப்ளூட், 8000 ஆர்பிஎம். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 251 மீட்டர். கார்பைடு இதைவிட அதிகம் தாங்கும், உங்கள் ஸ்பிண்டில்தான் எல்லை. பக்கவாட்டில் 2 மி.மீ., ஆழத்தில் 14 மி.மீ., ஒரு பல்லுக்கு 0.1. ஃபீடு 8000 × 3 × 0.1 = 2400. பக்கவாட்டு வெட்டு விட்டத்தில் 20 சதவீதம் மட்டும் என்பதால் உண்மையான சுருள் தடிமன் 0.1-இல் 80 சதவீதம்தான், அதனால் பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 67 கன செ.மீ. எடுக்கிறது. பாக்கெட்டின் (பெட்டியின் உட்குழிவு) கன அளவு 247 கன செ.மீ., ஆக ரஃபிங் நான்கு நிமிடத்துக்குள் முடியும் வேலை. பாக்கெட்டுக்குள் நேராகக் குத்தி இறங்காமல் 3 டிகிரி ஹெலிகல் சரிவில் இறங்குங்கள். 10 மி.மீ. விட்டுச்சென்ற மூலை மெட்டீரியலை 6 மி.மீ. ரஃபர் ஒன்று தனியாக எடுக்க வேண்டும். ஃபினிஷ் கட்டரை அந்த வேலைக்கு அனுப்பினால் பத்துப் பெட்டியில் அதன் கூர் போய்விடும். அதாவது 6 மி.மீ. கட்டர் இரண்டு, ஒன்று உழைக்க, ஒன்று ஃபினிஷுக்கு மட்டும். ஃபினிஷ் கட்டர் தேய்ந்தால் ரஃபராகப் பதவி இறக்கலாம்.

45 டிகிரி ஹெலிக்ஸ் சுருளை நன்றாக மேலே தூக்கும். கூடவே ஜாபையும் தூக்கும், கட்டரையும் கோலெட்டிலிருந்து (கட்டரைப் பிடிக்கும் பிளவுபட்ட வளையம்) கீழே இழுக்கும். அடித்தளம் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு 0.02, 0.03 மி.மீ. என்று ஆழமாகிக்கொண்டே போனால் டூல் ஆஃப்செட்டைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். கட்டர் இறங்குகிறது. கோலெட்டில் எண்ணெய் இருக்கிறது, அல்லது நட்டு போதுமான இறுக்கத்தில் இல்லை.

கோலெட் என்றதும் நின்று பேச வேண்டும். கட்டருக்குச் செலவழிக்கும் பணம் இங்கேதான் வீணாகிறது. ஆர்ஜே45 மூலைக்கு 1.5 மி.மீ., 2 ஃப்ளூட் கட்டர் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பல்லுக்கு 0.012 மி.மீ. ரன்அவுட் (கட்டர் மையம் விலகிச் சுற்றும் அளவு) 10 மைக்ரான் இருந்தால் ஒரு பல் 0.022 வெட்டும், எதிர்ப் பல் 0.002 வெட்டும், அதாவது வெறுமனே தேய்க்கும். இரண்டு மடங்கு சுமை ஏற்ற பல் முறியும்போது "கட்டர் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். 10 மைக்ரான் என்பது சாதாரண ஈஆர்32 கோலெட்டில் இயல்பாக வரும் அளவு. சிறிய கட்டர்களுக்கு 5 மைக்ரான் வகைக் கோலெட்டைத் தனியாக வாங்கி வையுங்கள். 3 மி.மீ. ஷாங்குக்கு 3 மி.மீ. கோலெட். 4-ஐச் சுருக்கிப் பிடிக்கக் கூடாது. பக்க ஸ்க்ரூ வைத்து இறுக்கும் ஹோல்டர், கட்டரை ஒரு பக்கம் தள்ளியே பிடிக்கும், ஃபினிஷுக்கு உதவாது.

கோலெட்டை மாட்டும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். கோலெட்டை ஹோல்டருக்குள் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகக் கூடாது. முதலில் கோலெட்டைச் சாய்த்து நட்டின் உள் வளையத்தில் 'டக்' என்று மாட்டி, பிறகு இரண்டையும் சேர்த்து ஹோல்டரில் ஏற்றி, அதன் பின் கட்டரை நுழைக்க வேண்டும். வளையத்தில் மாட்டாத கோலெட் கோணலாக உட்காரும், கழற்றும்போது உள்ளேயே சிக்கும். கூம்பைத் துடைத்த துணியில் ஒரு சிறு சுருள்கூட இருக்கக் கூடாது. மாட்டி முடித்ததும் கட்டரின் கழுத்தில் டயல் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அதிகம் காட்டினால் கோலெட்டை 90 டிகிரி திருப்பி மறுபடி இறுக்குங்கள், பல சமயம் பாதியாகக் குறையும்.

ஹோல்டரின் உருவமும் கணக்கில் வர வேண்டும். ஈஆர்32 நட்டின் விட்டம் 50 மி.மீ. உங்கள் பாக்கெட்டின் அகலம் 76. சுவரோரம் இருக்கும் தூணில் ஓட்டை போட இந்த நட்டோடு இறங்கினால் சுவரின் மேல் விளிம்பை மோதும். அதைத் தவிர்க்க டிரில்லை நீட்டிப் பிடிப்பார்கள், பிறகு ஓட்டை இடம் மாறும். ஈஆர்16 மினி நட்டின் விட்டம் 22 மட்டுமே, நீளமான மெல்லிய ஹோல்டரோடு வரும். ஒன்று வாங்கி வைத்தால் போதும்.

அந்தத் தூணைப் பார்ப்போம், இந்த டிராயிங்கில் மறைந்திருக்கும் சிக்கல் அங்கே இருக்கிறது. தூண் 6 மி.மீ., அதன் கீழே தளம் 2 மி.மீ., மொத்தம் 8. டிராயிங்கில் "எம்3, 6 ஆழம்" என்று எழுதியிருப்பார்கள். 6 மி.மீ. முழு மரை வேண்டுமென்றால் டேப்பின் (மரை போடும் கருவி) முன்முனைக்கு ஏறத்தாழ ஒன்றரை மி.மீ., அடியில் இடைவெளி ஒரு மி.மீ. சேர்த்து எட்டரை துளைக்க வேண்டும். வெளிப்பக்கம் வந்துவிடும். இதை முதல் ஜாபில் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

இங்கே ஃபார்ம் டேப் போடுங்கள். அது வெட்டாது, மெட்டீரியலை அழுத்தி மரை உருவாக்கும். சுருளே இல்லாததால் அடியில் இடம் விட வேண்டியதில்லை, அடைத்துக்கொண்டு முறியும் ஆபத்தும் குறைவு. டிரில் அளவு மாறும்: வெட்டும் டேப்புக்கு எம்3-க்கு 2.5, ஃபார்ம் டேப்புக்கு 2.8. பழைய 2.5 ஓட்டையில் ஃபார்ம் டேப்பை இறக்கினால் அந்த நொடியே முறியும். டிரில் 140 டிகிரி முனையுள்ள கார்பைடு. அதன் கூம்பு 0.5 மி.மீ. மட்டுமே இறங்கும், 118 டிகிரி ஹெச்எஸ்எஸ் டிரில்லில் அது 0.84. முழு விட்டத்தில் 6 மி.மீ. துளைத்தால் கூம்பு 6.5-இல் நிற்கும், வெளித்தோல் 1.5 மிஞ்சும், உபயோகமான மரை 4 முதல் 4.5 மி.மீ. கிடைக்கும். பிசிபியைப் பிடிக்க இது தாராளம். டிராயிங்கில் ஆழத்தைத் திருத்தச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டேப்பை 1000 ஆர்பிஎம்மில் ரிஜிட் டேப்பிங் (சுற்றும் இறக்கமும் பிணைந்து ஓடும் முறை), ஃபீடு 500. ஃபார்ம் டேப்புக்குக் கூலண்டில் எண்ணெய் சத்து குறைந்தால் மரை கிழிந்து வரும், ஒரு சொட்டு டேப்பிங் ஆயில் நல்லது. ஊடுதுளைகளில் வெட்டும் டேப்பே போட விரும்பினால் கன் டேப், அது சுருளை முன்னே தள்ளும். அடைபட்ட ஓட்டையில் ஸ்பைரல் ஃப்ளூட். மாற்றிப் போட்டால் இரண்டும் முறியும்.

பக்கச் சுவர்த் திறப்புகளுக்குப் பெட்டியின் உள்ளே நைலான் அல்லது அலுமினியக் கட்டையைச் செருகிச் சுவரைத் தாங்குங்கள். இல்லையென்றால் 2 மி.மீ. சுவர் முரசு போல் அதிரும், உள்பக்கம் பிசிறு ஒரு வேலியாக நிற்கும். ஆர்ஜே45 திறப்பு படத்தில் சதுர மூலையோடு இருக்கும். சுற்றும் கட்டரால் சதுர உள் மூலை வராது. கனெக்டரின் உடல் முட்டாத அளவுக்கு மூலையில் ஆர்1 கேளுங்கள், அல்லது மூலையைத் தாண்டிச் சிறு காது வெட்டிக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை 4 மி.மீ. கட்டரில் எடுத்துவிட்டு 1.5 மி.மீ. கட்டரை மூலைகளுக்கு மட்டும் அனுப்புங்கள்: 8000 ஆர்பிஎம், ஃபீடு 190, ஒரு படிக்கு 0.5 ஆழம். 8000-இல் 1.5 மி.மீ. கட்டரின் வெட்டு வேகம் 38 மீட்டர்தான், மெதுவாகத்தான் போகும். ஃபீடை ஏற்றி ஈடுகட்ட நினைத்தால் கட்டர் தாங்காது. யுஎஸ்பி-சி திறப்பில் மறப்பது வேறு. சாக்கெட்டின் வாய்க்கு ஓட்டை சரியாக இருக்கும், ஆனால் கேபிளின் பிளாஸ்டிக் பிடி சுவரில் முட்டி பிளக் முழுதாக உள்ளே போகாது. பிடியின் உச்ச அளவு 12.35 × 6.5 மி.மீ. என்பது யுஎஸ்பி தரநிலை. சாக்கெட் சுவரிலிருந்து உள்ளே தள்ளியிருந்தால் வெளிப்பக்கத்தில் இதைவிடச் சற்றுப் பெரிய பள்ளம் ஒன்று வேண்டும்.

வெளி விளிம்புகளுக்கு 90 டிகிரி சாம்ஃபர் (விளிம்பைச் சாய்த்து வெட்டும்) கட்டர். அதன் கூர் முனையால் வெட்டாதீர்கள், மையத்தில் வேகம் சுழியம், வெட்டாது, பிசிறைத்தான் மடக்கும். முனையை ஒரு மி.மீ. கீழே இறக்கிப் பக்கத்தால் வெட்டுங்கள். பளபளக்கும் வெள்ளி விளிம்பு வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் கதையே வேறு. கறுப்பு அனோடைசிங் முடிந்த பின் வைரக் கட்டரால் சாம்ஃபர் வெட்டி, மறுபடி நிறமற்ற அனோடைசிங் செய்ய வேண்டும். 2012-இல் வந்த ஐபோன் 5-இன் சாய்ந்த விளிம்பைப் படிக வைரத்தால் வெட்டியதாக ஆப்பிள் அப்போது சொன்னது. பிசிடி (செயற்கை வைர நுனி) கட்டர் உங்கள் மெஷினிலும் ஓடும், ஆனால் ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்திருந்தால் அது கண்ணாடிபோல் காட்டிக்கொடுக்கும். விலை பேசும்போது இதைத் தனி வரியாகப் போடுங்கள்.

மேல் முகத்துக்கு 50 மி.மீ. ஃபேஸ்மில், பாலிஷ் செய்த அலுமினிய இன்சர்ட். 8000-இல் 1250 மீட்டர் வேகம் வரும், அலுமினியத்துக்குப் பிரச்சினை இல்லை. கட்டர் பாடியில் பொறித்திருக்கும் உச்ச ஆர்பிஎம்மை மட்டும் தாண்டாதீர்கள்.

கூலண்ட் 8 சதவீத அளவில், ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, கூலண்ட் டப்பாவில் போட்டிருக்கும் பெருக்கு எண்ணால் பெருக்கி. பிஹெச் 9.5-ஐத் தாண்டினால் அலுமினியத்தில் கறை விழும். அது அனோடைசிங்கில் திட்டாகத் தெரியும். ஆழமான பாக்கெட்டில் கூலண்டைவிடச் சுருளை ஊதித் தள்ளும் காற்றே முக்கியம். நாசிலை இரண்டு பக்கமிருந்தும் கட்டர் நுனிக்குத் திருப்புங்கள். அலுமினியம் ஒட்டிய, கோட்டிங் இல்லாத கட்டரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் கரைந்து கார்பைடு மிஞ்சும். கண்ணாடியும் கையுறையும் போட்டு, திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல். வெளிவருவது ஹைட்ரஜன்.

இனி வெளிப்புறப் பெட்டியின் காடி. 2 மி.மீ. ஓ-ரிங் கயிறு என்றால் ஆழம் 1.5, அகலம் 2.7. ரப்பர் 25 சதவீதம் நசுங்கும், காடியின் கன அளவில் 78 சதவீதத்தை நிரப்பும், மிச்சம் ரப்பர் விரிய இடம். 2.7 மி.மீ. கட்டரைத் தேடி ஒரே வெட்டில் போடாதீர்கள். முழு அகல வெட்டில் ஒரு சுவர் கிளைம்ப், மறு சுவர் எதிர்த்திசை. இரண்டின் ஃபினிஷும் வேறு, காடியும் ஒரு பக்கம் சாயும். 2.5 மி.மீ. கட்டரில் நடுவே இறங்கி, பிறகு இரு சுவரையும் 0.1 வீதம் தனித்தனியாகக் கிளைம்பில் எடுங்கள். அடித்தளத்தில் கட்டர் இறங்கிய புள்ளி வட்டமாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் கசியும். வளைந்து சரிந்து இறங்கி, தொடங்கிய இடத்தைச் சில மி.மீ. தாண்டி ஓடி, சரிந்தே மேலேற வேண்டும். ஓ-ரிங் வந்து அமரும் எதிர் முகத்தில் ஃபேஸ்மில்லின் கோடுகள் சீல் வட்டத்துக்குக் குறுக்கே போகக் கூடாது. ஃபேஸ்மில் முடிந்த பின் ஒரு எண்ட்மில்லை விளிம்போடு ஒரு சுற்று ஓட்டிவிட்டால் கோடுகள் சீலோடு ஒத்து ஓடும். ஐபி67 (தூசி, தண்ணீர் புகாமை) சோதனையில் தோற்றுத் திரும்பும் பெட்டிகளில் முதலில் நான் பார்க்கும் இடம் இது.

அந்தப் பெட்டியை ஏடிசி12 டைகாஸ்டிங்கில் (அலுமினியக் கலவையை அச்சில் வார்ப்பது) எடுத்து, முகங்களை மட்டும் மெஷின் செய்யும் யோசனை வந்தால் மேலே சொன்ன கட்டர்கள் அங்கே நீண்ட நாள் உழைக்காது. சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம், உப்புத்தாள் போல் நுனியைத் தேய்க்கும். எண்ணிக்கை அதிகம் என்றால் பிசிடி அல்லது டயமண்ட் கோட்டிங், குறைவு என்றால் சாதாரணக் கார்பைடையே அடிக்கடி மாற்றுவது மலிவு.

அனோடைசிங்குக்கு அனுப்பும் முன் அளவில் அதற்கும் இடம் விட்டிருக்க வேண்டும். 12 மைக்ரான் படலத்தில் ஏறத்தாழ பாதி வெளியே வளரும். ஆக ஓட்டையின் விட்டம் 12 மைக்ரான் குறையும், மரையின் பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) அதில் இரு மடங்கு, 24 மைக்ரான் குறையும். எம்3 மரைக்குச் சாதாரண அனோடைசிங்கில் பெரும்பாலும் ஸ்க்ரூ ஏறிவிடும், 50 மைக்ரான் ஹார்ட் அனோடைசிங்கில் ஏறாது. மரைகளில் சிலிக்கான் ரப்பர் அடைப்பான் போடச் சொல்லுங்கள். எர்த் ஸ்க்ரூ உட்காரும் இடமும், மூடியும் பெட்டியும் மின்சாரமாகத் தொட வேண்டிய விளிம்பும் அனோடைசிங் இல்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் படலம் மின்கடத்தாப் பொருள். டிராயிங்கில் அதைக் கோடிட்டுக் காட்டாவிட்டால் 200 பெட்டியும் அழகான கறுப்பில், எர்த் இல்லாமல் திரும்பி வரும். அப்போது அந்த இடங்களை மறுபடி வெட்ட வேறு ஃபிக்சர் செய்ய வேண்டியிருக்கும்.